உதிரி மாறினால் வண்டி மாறுமா?

ரிமோட்டில் ஓடும் டிரக்கில் அடிக்கடி கைவைக்க வேண்டிய இடங்களில் ஸ்டீயரிங் ஒன்று. டிராக்ஸஸ் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த ஸ்லாஷ் போன்ற, நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டிரக்கை எடுத்துக்கொண்டால், சர்வோ மோட்டாரின் கொம்பு திரும்பும்போது பெல்கிராங்க் என்ற சிறு நெம்புகோல்கள் அசைகின்றன. அவற்றோடு இணைந்த கம்பிகள், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள்களை இழுத்துத் தள்ளுகின்றன. இவற்றில் பல பிளாஸ்டிக். மண்ணும் மோதலும் சேர்ந்து மூட்டுகளைத் தேய்த்துவிட்டால் ஆட்டம் வந்துவிடும். நேர்பாதையில்கூட வண்டி அலையும். தேய்ந்ததைக் கழற்றி அதே உதிரியைப் போடுவது பழுதுபார்ப்பு. பேரிங் வைத்த அலுமினிய பெல்கிராங்க், உலோகப் பல்சக்கர சர்வோ என்று ஏற்றிக்கொண்டே போவது மேம்பாடு. இப்படி ஒவ்வொன்றாக எல்லாமே மாறிவிட்ட பிறகு, நிற்பது பழைய வண்டிதானா?

கேள்வி பழையது. கிரேக்கப் புராண வீரன் தீசியஸ் ஏறிச்சென்ற கப்பலை ஏதென்ஸ் மக்கள் உளுத்த பலகைகளை மாற்றி மாற்றிக் காத்துவந்ததையும், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டதையும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் ஒரு குறும்பு சேர்த்தார்: கழித்த பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே வரிசையில் கட்டிவிட்டால் எது தீசியஸின் கப்பல்?

இந்தியாவில் விவாதம் தேரை வைத்து நடந்தது. மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த நூலில் நாகசேனர் என்ற துறவி மிலிந்த மன்னரிடம், ஏர்க்காலா தேர், அச்சா தேர், சக்கரமா தேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் தேர் அல்ல; இவற்றுக்கு வெளியேயும் தேர் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர்; மனிதனும் அப்படியே. நியாய, வைசேஷிகத் தத்துவ மரபினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளிலிருந்து வேறான முழுமை உண்மையிலேயே உண்டு என்றார்கள். ஆனால் அந்த முழுமைக்கு அவர்கள் கொடுத்த ஆயுள் குறைவு. துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய துணி அழிந்து வேறொரு துணி தோன்றுகிறது என்பது அவர்கள் கணக்கு. அதன்படி ஒரு நக்கிளை மாற்றினாலே வண்டி புதிது. முழுமையை மறுத்தவரைவிட அதை நிலைநாட்டியவரே வண்டியைச் சீக்கிரம் இழக்கிறார் என்பது வேடிக்கைதான்.

கப்பல் புதிரில் ஒரு குறை உண்டு. பலகைக்குப் பதில் பலகை என்பதால் அது பழுதுபார்ப்பை மட்டுமே பேசுகிறது. கப்பல் செய்யும் வேலை மாறுவதில்லை. மேம்பாட்டில் மாறுகிறது. ஸ்டீயரிங்கில் இது கண்கூடு. விசை மிகுந்த சர்வோவைப் போட்டால், அதுவரை தாக்குப்பிடித்த பிளாஸ்டிக் பெல்கிராங்க் வளையத் தொடங்கும். அதையும் அலுமினியமாக்கினால் மோதலின் விசை அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப்போகும். அதிர்ச்சியை உள்வாங்கவே நடுவில் ஸ்பிரிங் வைத்த சர்வோ சேவர் இருக்கிறது. அதை இறுக்கிவிட்டால் திருப்பம் துல்லியமாகும். ஆனால் கல்லில் மோதும்போது சர்வோவின் பற்கள் உதிரலாம். நாகசேனரின் பட்டியலில் இந்தச் சுமைப் பகிர்வுக்கு இடமில்லை. உறுப்புகளை அடுக்கிச் சொன்னால் போதாது. எது எதன் அடியை வாங்குகிறது என்பதும் வண்டியின் ஒரு பகுதி. அதே சமயம், உறுப்புகளுக்கு மேலே தனியாக ஒரு முழுமையைத் தேடவும் தேவையில்லை. ஒன்றைச் சார்ந்து இன்னொன்று என்ற பௌத்தரின் சார்புத் தோற்றக் கொள்கையே, தேர் உவமையைவிட இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

உதிரிகள் அத்தனையும் மாறினாலும், எது எதன் அடியை வாங்குகிறது என்ற இந்த உறவு மாறாதவரை பழைய வண்டி என்று சொல்ல நியாயம் உண்டு. உறவே மாறினால், பாதி உதிரி பழையதாக இருந்தாலும் அந்த நியாயம் தளர்கிறது. பந்தயக்காரர்கள் இதை நடைமுறையில் வைத்திருக்கிறார்கள். ஸ்பெக் ஸ்லாஷ் என்ற பிரிவில் தொழிற்சாலை அமைப்பிலிருந்து விலகிய உதிரிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. தேய்ந்த பிளாஸ்டிக்குக்குப் பதில் அதே பிளாஸ்டிக் போட்ட வண்டியை யாரும் தடுப்பதில்லை. ஹாப்ஸின் வழியில், கழித்துப்போட்ட பழைய ஸ்டீயரிங்கை இன்னொரு ஸ்லாஷின் சட்டத்தில் பூட்டினால் அதுவும் உள்ளே போகும். அலுமினிய ஸ்டீயரிங் ஏறிய வண்டியோ, உரிமையாளர் முதல் நாளிலிருந்து வைத்திருப்பதாகவே இருந்தாலும், வேறு பிரிவுக்குப் போக வேண்டியிருக்கலாம்.