வினைமுதல் எது?

குடம் ஒன்று உருவாக மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் பாலபாடம். மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மண் தானாகக் குடமாகாது, ஆகவே உலகுக்கும் செய்பவன் ஒருவன் உண்டு என்று வாதம் மேலேறுகிறது. ஆனால் இந்த மூன்றும் எல்லா இடத்திலும் இப்படித் தனித்தனியாக நிற்குமா? சந்தேகத்தைக் கிளப்புவது ஒரு மீன்.

டார்ப்பிடோ என்னும் மின் திருக்கை, இரையை மின்னதிர்ச்சியால் முடக்கும். அதன் மின்னுறுப்பின் செல் சவ்வில், குளோரைடு அயனிகள் கடப்பதற்கென்றே ஒரு புரதக் கால்வாய் உண்டு, பெயர் சிஎல்சி-0. அதன் மரபணுவை 1990-இல் ஜெர்மனியில் தாமஸ் யென்ட்ச் குழுவினர் பிரித்தெடுத்தார்கள்.

பொட்டாசியம் கால்வாய்கள் பலவற்றில், சவ்வின் மின்னழுத்தத்தை உணர்ந்து நகரும் பகுதி புரதத்திலேயே இருக்கிறது. அது நகர்ந்தால் வழி திறக்கும். திறப்பது ஒன்று, கடப்பது வேறு. சிஎல்சி-0 அந்த வகை அல்ல. 1995-இல் மைக்கேல் புஷ், யென்ட்ச் முதலானோர் சவ்வுக்கு வெளியே குளோரைடைக் குறைத்துப் பார்த்தார்கள். கால்வாய் திறக்க முன்னைவிட அதிக நேர் மின்னழுத்தம் தேவைப்பட்டது. துளைக்குள் நுழையும் குளோரைடே திறப்பைத் தூண்டுகிறது என்று முடிவு கட்டினார்கள். கடக்க வந்ததே திறக்கவும் செய்கிறது.

இதன் அடிப்படை 2002-இல் கண்ணுக்குத் தெரிந்தது. ரோடரிக் மெக்கினன் ஆய்வகத்தில் ராய்முண்ட் டுட்ஸ்லர், பாக்டீரியாவில் உள்ள உறவுக்காரப் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தார். எதிர்மின்னூட்டம் கொண்ட குளுட்டமேட் ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதை வேறு அமினோ அமிலமாக மாற்றியதும், அது இருந்த இடத்தில் ஒரு குளோரைடு வந்து உட்கார்ந்தது. காவலுக்கும் கடப்பதற்கும் ஒரே இருக்கை!

கதை அங்கேயும் முடியவில்லை. சிஎல்சி-0 திறந்து மூடும் வரிசை ஒரே திசையில் சாய்ந்திருப்பதை 1990-இலேயே கிறிஸ்டோபர் மில்லரும் உடன் ஆய்வாளரும் கண்டு, சவ்வின் இருபுறக் குளோரைடு வேறுபாடே அதை உந்துகிறது என்றார்கள். 2008-இல் வேறோர் ஆய்வு, ஹைட்ரஜன் அயனிக்கும் அதில் பங்குண்டு என்று காட்டியது.

சித்தாந்தி அசரமாட்டார். அயனி சடம், சடத்துக்கு அறிவில்லை, அறிவில்லாதது நிமித்தமாகாது என்பார். சோதனைக்கூடம் இதை மறுக்கவில்லை. பௌத்தருக்கோ இது பழகிய காட்சி. மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் விளக்கும் பன்னிரு சார்புகளில், ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும். தனி வினைமுதலுக்கு அங்கே இடமில்லை.

மனித உடம்பில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. தசையிலுள்ள சிஎல்சி-1 கால்வாய் பழுதானால், இறுக மூடிய கை உடனே திறக்காது. 1876-இல் இந்நோயை விவரித்த மருத்துவர் யூலியஸ் தாம்சென், தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் இருந்த குறையையே எழுதினார். நரம்பின் கட்டளை நின்றுவிட்டது. தசை நாரோ மின்துடிப்பை நிறுத்தவில்லை. கருவி கெட்டால் உயிர் என்ன செய்யும் என்று சித்தாந்தி கேட்கலாம். ஆனால் அந்த நோயாளியே கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறந்தால் இறுக்கம் விடுகிறது. கருவியைச் சீராக்கியது உயிரின் விருப்பமா, கருவியின் அசைவா என்று அடுத்த வாதம் அங்கே தொடங்குகிறது.