குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்

1942 ஏப்ரலில் மதராசில் ஜப்பானியர் குண்டு விழவில்லை. 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. பட்டணத்தைக் காலிசெய்துவிட்டு உத்திரமேரூருக்கு ஓடிவந்த சொந்தக்காரர்களுக்கு எங்கள் பாட்டிதான் வடித்துக் கொட்டினாள். "நம்ம ஊர்ப் பெருமாள் சுந்தர வரதர் காப்பாத்தினார்டா" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு எனக்கு நெருடும். காரணம் இலங்கையின் திருகோணமலை.

ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை. ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் அந்தத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. காவல் இல்லாமல் இல்லை. ரேடார் இருந்தது, பீரங்கிகள் சுட்டன, ஹரிகேன் விமானங்கள் எழும்பிப் போய்ச் சண்டையிட்டன. ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தொட்டிமேல் மோதி, அந்தத் தீ நாள்கணக்கில் எரிந்தது.

துறைமுகத்தில் நின்றால் அடிபடும் என்று முதல்நாள் இரவே பிரிட்டிஷார் கப்பல்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். நியாயமான முடிவு. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியும் போனது, விமானம் ஒன்றுகூட இல்லாமல். தாக்குதல் ஓய்ந்ததும் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் அதை மூழ்கடித்தார்கள். 307 பேர் மாண்டார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அருகில் இருந்ததால் சுமார் 600 பேர் பிழைத்தார்கள்.

துறைமுகத்தின் தலைமாட்டில் கோணேசர் மலை. அவர் கோயிலையே 1620-களில் போர்த்துகீசியர் இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். தன் வீட்டையே விட்டுக்கொடுத்தவர் யாரை எந்தக் கணக்கில் காப்பார்? நம் வரதர் மதராசைக் காத்தார் என்றால், காக்கிநாடாக்காரன் என்ன பாவம் செய்தான்?

இதற்கு எனக்குப் பிடிபட்ட பதில் எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்வது. வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை. இத்தனையும் சலித்த பிறகுதான் ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். தகுதியைச் சீட்டுக்கு விடவில்லை, கடைசி அடியை மட்டும் விட்டார்கள். ஓலை வராதவனை யாரும் பாவி என்று சொல்லவில்லை. வந்தவனும் புண்ணியவான் ஆகிவிடவில்லை.

கப்பல்களை வெளியே அனுப்பியவர்கள் தங்கள் பங்கைச் சரியாகவே செய்தார்கள். மிச்சம் அந்தப் பையன் கையில். அந்தக் கைக்குப் பின்னால் பெருமாள் நிற்கிறார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அவர் ஆள் பார்த்து எடுக்கிறார் என்று நம்ப மாட்டேன். ஊழ் என்று சொல்லித் தப்புகிறவர்களிடமும் எனக்கு மரியாதை இல்லை. அவர்கள் ரேடாரையே வைத்திருக்க மாட்டார்கள்.

பிழைத்தவர்கள் தெய்வத்துக்கு நன்றி சொல்லட்டும், பாட்டி சொன்னதிலும் குற்றமில்லை. அடுத்த வீட்டில் இழவு விழுந்திருக்கும்போது மட்டும் "எங்களைச் சாமி காப்பாத்திச்சு" என்று அங்கே போய்ச் சொல்லாதீர்கள்.