அமைதி எந்த ஒலியில் இருக்கிறது?

1968இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் லூக் ஃபெராரி, அன்றைய யூகோஸ்லாவியாவின் வேலா லூகா என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தார். அதிகாலையில் ஜன்னலோரம் மைக்கை வைத்து, கேட்டதையெல்லாம் பதிவுசெய்தார். படகு இன்ஜின், கழுதை, குழந்தைகளின் பேச்சு, வெயில் ஏற ஏற வலுக்கும் சில்வண்டுகள். பல விடியல்களை இணைத்து, ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒரே விடியலாக ஆக்கினார். ‘ஏறக்குறைய ஒன்றுமில்லை’ என்ற பொருளில் பெயரும் வைத்தார்.

கேட்பவர் மனம் தணிகிறது. ஆனால் அந்தத் தணிவு எங்கிருந்து வருகிறது? ஒலியிலிருந்தா, கேட்கும் மனத்திலிருந்தா? படகு ஓட்டியவருக்கு அந்த இன்ஜின் சத்தம் அன்றைய பிழைப்பு. தொலைவில் கேட்பவருக்கோ ஓய்வு.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் இன்னும் ஆழமாகப் போனார். ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகியிடம் ஜென் தத்துவம் கேட்டவர் அவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எதிரொலியில்லா அறைக்குள் நின்றபோதும் தம் உடலின் ஒலிகள் கேட்டதாகச் சொன்னார். 1952இல் அவருடைய 4 நிமிடம் 33 விநாடி படைப்பு அரங்கேறியது. பியானோ கலைஞர் ஒரு கட்டையைக்கூட அழுத்தவில்லை. அரங்கில் இருந்த மற்ற ஒலிகளே இசையாயின.

இன்றைய தூக்க ஒலித்தொகுப்புகள் மழையை வைத்துக்கொண்டு ஹார்னை வெட்டிவிடுகின்றன. நோயாளிக்கும் தூக்கம் வராதவருக்கும் அது தேவைதான், குறைசொல்ல முடியாது. ஆனால் பிடித்ததை மட்டும் சேர்த்துக் கேட்பதைத் தியானம் என்று அழைப்பது சரியல்ல. கேஜ் கடைசிக் காலத்தில் நியூயார்க்கின் ஆறாம் அவென்யூவில் குடியிருந்தார். அந்தச் சாலையின் வாகன இரைச்சலையே விரும்பிக் கேட்டார்.