தலைப்பாகையோடு போனால் போதுமா?

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்பது நம்மவர் பழமொழி. பெரிய அபாயம் வந்து விலகும்போது இதைச் சொல்லி ஆறுதல் கொள்ளுகிறோம். நல்லதுதான். ஆனால் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை என்றால், குற்றமும் இல்லை என்று ஆகிவிடுமா?

2022-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி காலை, பெங்களூர் விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரே வேளையில் இரண்டு விமானங்கள் கிளம்பின. ஒன்று கல்கத்தாவுக்கு, மற்றொன்று புவனேசுவரத்துக்கு. இரண்டிலுமாக 400 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உண்டு. வடபாதையில் விமானங்கள் கிளம்பவும், தென்பாதையில் இறங்கவும் ஏற்பாடாகியிருந்தது. பிறகு தென்பாதையை மூடி, வடபாதை ஒன்றையே இரண்டுக்கும் உபயோகிப்பதென்று பொறுப்பாளர் தீர்மானித்தார். இந்தத் தீர்மானம் தென்பாதையைக் கவனித்தவருக்குச் சொல்லப்படவில்லை. ஆகவே வடக்கே ஒரு விமானத்துக்கும், தெற்கே ஒரு விமானத்துக்கும் உத்தரவு கிடைத்தது. மேலே எழும்பிய இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. ராடார் திரையைக் கவனித்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் அதைக் கண்டு, இரண்டையும் வெவ்வேறு திசையில் திரும்பச் சொன்னார். விபத்து நேரவில்லை.

ஆனால் நடந்தது எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை, அறிவிக்கப்படவுமில்லை. பின்னரே விமானத்துறை மேற்பார்வையாளருக்குத் தெரிய வந்து, விசாரணை நடந்தது.

விளைவைக் கொண்டு குற்றத்தை அளப்பது உலக வழக்கம். விமானங்கள் மோதியிருந்தால் தேசமே அழுதிருக்கும். மோதாததால் சில நாள் பேச்சோடு முடிந்தது. ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொல்லாத தவறு இரண்டிலும் ஒன்றே அல்லவா? வித்தியாசத்தை உண்டாக்கியது வேறொருவருடைய விழிப்பு. விழித்திருந்தவன் புண்ணியத்தைத் தவறினவன் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா? பூசையில் நாம் செய்யும் பாவ அறிக்கையில் கடமையில் தவறியதையும் அறிக்கையிடுகிறோம். தீமை விளைந்திருந்தால் மட்டும் என்று அதற்கு வரையறை இல்லை.

மறதி வேறு, மனதறிந்த அலட்சியம் வேறு என்று திருச்சபை போதிக்கிறது. அந்த ஊழியர்களின் உள்ளத்தைச் சர்வேசுரனே அறிவார். நாம் தீர்ப்பிட வேண்டாம். ஆனால் மறதியால் வந்த தவறையும் தெரிந்தே மூடி மறைத்தால், அது எவருக்கும் புதிய குற்றமாகும்.

“நஷ்டந்தான் இல்லையே, வெளியே சொல்லி ஒருவன் பிழைப்பைக் கெடுப்பானேன்?” என்று சிலர் கேட்பார்கள். 1974 டிசம்பர் 1-ந் தேதி, வாஷிங்டனுக்கு வந்துகொண்டிருந்த விமானம் ஒன்று வெர்ஜினியா மாநிலத்து மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டார்கள். ஆறு வாரத்துக்கு முன் வேறொரு கம்பெனியின் விமானம் அதே மலையில் மோதாமல் தப்பியிருந்தது. அந்தக் கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது. மற்றவர்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. ஒருவன் தப்பிய கதை இன்னொருவனுக்கு உயிர் காக்கும் எச்சரிக்கை. அதை மறைப்பது அயலானுக்குரியதை மறைப்பதாகும்.

பின்பு 1976-ல், இப்படி நூலிழையில் தப்பியவற்றைத் தயங்காமல் தெரிவிக்க அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. சொன்னவர் பெயர் மறைக்கப்படும். பாடம் எல்லோருக்கும் சொல்லப்படும். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். “அம்மா, அடுப்பின் காஸை மூட மறந்துவிட்டேன்” என்று தானாக வந்து சொல்லும் பிள்ளையை அடித்தால், அடுத்த முறை அது வாய் திறக்காது. கண்டிப்பு வேண்டியதே, ஆனால் உண்மை சொல்லப் பயப்படும் வீடு அபாயமான வீடு.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப்பற்றி நமது ஆண்டவர் பேசியது அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் இருக்கிறது. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்கிறார். அப்படியானால் தப்பினவர்களும் மற்றவர்களைவிட நல்லவர்கள் அல்ல. அதே இடத்தில், காய்க்காத அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்ட தோட்டக்காரனைப்பற்றியும் சொல்லுகிறார். அந்தத் தவணை மரம் சும்மா நிற்பதற்கல்ல. சுற்றிலும் கொத்தி எரு இடுவதற்கு.

ஆகையால் இன்றிரவு ஆத்தும சோதனையில், நம்மால் விளைந்த தீமையை மட்டும் எண்ணாமல், நம் அசட்டையால் விளைய இருந்து, பிறர் விழிப்பால் விலகிய தீமையையும் எண்ணுவோம். காத்த தேவனுக்கு நன்றி சொல்லுவோம். பிறகு, அதை யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குச் சொல்லுவோம்.