நாரதரின் பாடத்திட்டம்

சாந்தோக்ய உபநிஷதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நாரதர் சனத்குமாரரை அணுகி, தமக்கு உபதேசிக்குமாறு வேண்டுகிறார். இதுவரை கற்றவற்றை முதலில் கூறும்படியும், அதற்கு மேலுள்ளதைத் தாம் சொல்வதாகவும் சனத்குமாரர் பதிலளிக்கிறார்.

நாரதர் தரும் பட்டியல் நீண்டது. நான்கு வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், கணிதம், தர்க்கம், போர்க்கலை, வானியல், பாம்புகளைப் பற்றிய வித்தை, நுண்கலைகள் என்று அது விரிகிறது. எந்தப் பல்கலைக்கழகமும் பெருமிதம் கொள்ளத்தக்க பாடத்திட்டம் அது! ஆயினும், தாம் சொற்களை மட்டுமே அறிந்தவர், ஆத்மாவை அறியாதவர், துயரத்தில் ஆழ்ந்தவர் என்று நாரதர் கூறுகிறார்.

கல்வியின் அடிப்படைக் கேள்விகள் இங்கேதான் எழுகின்றன. கற்கத் தகுந்தது எது? அதை எந்த வரிசையில் கற்பது? கற்பவன் செய்திகளைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமா, உள்ளிருக்கும் அறிவு மலர வேண்டிய உயிரா?

சனத்குமாரரின் முறையிலேயே விடை இருக்கிறது. மாணவர் நிற்கும் இடத்திலிருந்தே அவர் தொடங்குகிறார். நாரதர் கற்ற யாவும் ‘நாமம்’ மட்டுமே என்கிறார். ஆனால் அவற்றை ஒதுக்கவில்லை. அந்த நாமத்தையே உபாசிக்கச் சொல்லி, அங்கிருந்து வாக்கு, மனம், சங்கல்பம் என்று படிப்படியாக உயர்த்துகிறார். கீழ்ப்படி உறுதியாகாமல் அடுத்த படி இல்லை. நம் நாட்டில் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-ஆம் ஆண்டு அளித்த அறிக்கையும், புத்தகப் பையின் எடையைவிடப் புரியாமல் கற்பதன் சுமையே கொடியது என்று உணர்த்தியது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இந்த வரிசையில் விஞ்ஞானத்திற்கு மேல் பலமும், பலத்திற்கு மேல் அன்னமும் வைக்கப்பட்டுள்ளன. உண்ணாதவனால் காணவோ, கேட்கவோ, சிந்திக்கவோ இயலாது என்பதே காரணம். அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்குமாறு 2001-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன் பின்னாலும் இந்த உண்மை நிற்கிறது.

அப்படியானால், ஒழுக்கத்திற்கென வாரம் ஒரு வகுப்பைச் சேர்த்துவிட்டால் போதுமா? தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லி வேறு வழியைக் காட்டுகிறது. சத்தியம், தவம், புலனடக்கம், விருந்தோம்பல் ஆகிய ஒவ்வொன்றோடும் கற்றலையும் கற்பித்தலையும் அது இணைத்தே சொல்கிறது. பிறர் விடையைப் பார்த்து எழுதாமல் தானே கணக்கைப் போட முயலும் மாணவன், கணிதத்தோடு சத்தியத்தையும் பயில்கிறான்.

தேர்வில் தோற்றதால் வாழ்வே முடிந்துவிட்டதாக எண்ணி உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் நெஞ்சைப் பிளக்கின்றன. மதிப்பெண்ணும் ஒரு நாமமே என்பதை அவர்களுக்கு எந்தப் பாடமும் உணர்த்தவில்லை. நாரதருக்குத் தம் துயரைச் சொல்ல ஓர் ஆசாரியர் இருந்தார். அவரும் அதைச் செவிமடுத்தார். பாடங்களைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் முன்பாக, துயரம் வரும் நாளில் இந்தப் பிள்ளைக்குத் துணை நிற்பது எது என்று கல்வியாளரும் பெற்றோரும் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு விடை தராத பாடத்திட்டம் எவ்வளவு நீண்டதாயினும் முழுமையடையாது.