பிறப்பின் குறி எங்கே?

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னர், நம்மவருள் பலருக்குப் பிழைப்பு பெங்களூரிலேதான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, வைட்ஃபீல்டில் இறங்கி, இருட்டிய பின் வீடு திரும்பும் இளைஞர் நம் சங்கத்திலும் உளர். அவருள் ஒருவர், சென்ற ஞாயிறன்று பஞ்சசீலம் ஏற்ற பின் எழுந்து ஒரு வினா எழுப்பினார். உடன் வேலை செய்யும் ஒருவர் அவரிடம், “சாதி கற்பனை என்கிறீர்களே, இரத்தத்தைச் சோதித்தால் மரபணுவிலேயே சாதி தெரிகிறதாமே!” என்றாராம். “இதற்கு நான் என்ன மறுமொழி சொல்வது?” என்று கேட்டார் நம் இளைஞர். சிரித்துத் தள்ளத்தக்க வினாவன்று இது. ஆகவே இதனைச் சற்று ஆழ்ந்து ஆராய்வோம்.

வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இரு பிராமண இளைஞர், ஒருவன் உயர்ந்தவனாவது பிறப்பாலா, ஒழுக்கத்தாலா என்று வாதிட்டுப் பகவானிடம் வந்த வரலாறு சுத்தநிபாதத்தில் உண்டு. பகவான் கூறிய விடையின் கருத்து யாது? புல்லுக்கும் மரத்துக்கும், எறும்புக்கும் பாம்புக்கும், மீனுக்கும் பறவைக்கும் பிறப்பால் அமைந்த குறிகள் உள்ளன. மனிதருள் அத்தகைய குறி தலையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை, கையிலும் காலிலும் இல்லை. மனிதருக்குள் உள்ள பிரிவுகள் தொழிலாலும் வழக்காலும் வந்த பெயர்களே என்பதாகும். நம்பிக்கையைக் கேட்கும் வாதமன்று இது. கண்கொண்டு சோதித்துப் பார் என்னும் வாதம். அன்று கண்ணுக்கு எட்டியது புறவுடல் மட்டுமே. இன்றோ உடலின் உள்ளெழுத்தையே விஞ்ஞானிகள் வாசிக்கின்றனர்.

நம் இளைஞர் இறங்கும் அந்த வைட்ஃபீல்டிலேயே, 2002-இல் தொடங்கிய உயிரித் தகவலியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. அதன் ஆராய்ச்சியாளர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, 17,000-க்கும் மேற்பட்ட மனித மரபணுக்கள் ஆக்கும் புரதங்களை வரிசைப்படுத்தி 2014-இல் வெளியிட்டனர். மனிதனின் மரபணுத் தொகுதி என்பது நான்கே எழுத்துக்களால் ஆகிய, ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் கொண்ட நூல் எனலாம். இந்நூலைக் குரங்கினங்களின் நூலோடு ஒப்பிடும் வேலை உலகெங்கும் நடைபெறுகிறது.

சிம்பன்சியின் நூல் 2005-இல் வெளிவந்தது. நேருக்கு நேர் வைத்துப் பார்க்கத்தக்க பகுதிகளில், நம் நூலுக்கும் அதன் நூலுக்கும் நூற்றுக்கு ஒன்றேகால் எழுத்தளவே வேறுபாடு. ஆறு வாலில்லாக் குரங்கினங்களின் நூல்கள் 2025-இல் ஏறக்குறைய முழுமையாக வெளிவந்தபோது, அவ்வாறு நேருக்கு நேர் வைக்க இயலாத பகுதிகளும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் உண்டு என்று தெரிந்தது. ஆகவே “நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஒன்றே” என்று மேடையில் முழங்குவோர் சற்று அடக்கிப் பேசுதல் நன்று. ஆயினும் உறவு பொய்யன்று. ஆடும் நாயும் உயிர்ச்சத்து ‘சி’யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. நாமோ நெல்லிக்காயையும் எலுமிச்சையையும் தேடுகிறோம். அதனை ஆக்கும் மரபணு நம்மிடம் பழுதுற்றுக் கிடப்பதே காரணம். அதே மரபணு, அதே இடத்தில், குரங்குகளிடமும் பழுதுற்றுக் கிடக்கிறது. இரண்டு ஏடுகளில் ஒரே எழுத்துப்பிழை காணப்படின், இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை என்று ஏட்டாராய்ச்சியாளர் முடிவு செய்வர் அன்றோ?

இனி மனிதருக்குள் வருவோம். எவ்விரு மனிதரை எடுத்து ஒப்பிட்டாலும் ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஒன்றே வேறுபடும். ஆப்பிரிக்கக் காட்டில் அடுத்தடுத்து வாழும் சிம்பன்சிக் கூட்டங்களுக்கிடையே காணும் வேறுபாடு, வெவ்வேறு கண்டங்களில் வாழும் மனிதருக்கிடையே காணும் வேறுபாட்டினும் மிகுதி என்று 2012-இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. வாசெட்டனுக்குக் கூறிய விடை உள்ளெழுத்திலும் நிற்கிறது.

அங்ஙனமாயின், மரபணுவில் சாதி தெரிகிறது என்ற பேச்சு முழுப் பொய்யா? அன்று, அதில் உண்மையின் ஒரு துண்டு உண்டு. ஐதராபாத் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் நிலையத்தாரும் வெளிநாட்டாரும் கூடி 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுவது இது: ஏறத்தாழ 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரை முற்பட்ட காலத்தில் இந்நாட்டு மக்கள் பெரிதும் கலந்தனர், அதன் பின்னரே தத்தம் கூட்டத்துக்குள் மணக்கும் வழக்கம் இறுகியது. ஒரே ஆற்று நீரை வரப்பிட்டுப் பல பாத்திகளாக நெடுநாள் தேக்கினால், பாத்திக்குப் பாத்தி வண்டலில் சிறு வேறுபாடு தோன்றும். அவ்வேறுபாட்டைக் காட்டி, “வரப்பு இயற்கையானது, நீரே இருவகை” என்று ஒருவன் சொல்வானாயின் அவனை என்னென்பது? மரபணுவில் தெரிவது வரப்பின் தழும்பே. அவ்வரப்பு தீங்கும் விளைத்தது: நெடுங்காலம் உள்ளுக்குள்ளேயே மணந்த கூட்டங்களில் சில அரிய பரம்பரை நோய்கள் மிகுதற்கு ஏதுவுண்டு என்று 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி எச்சரித்தது.

வைட்ஃபீல்டின் பிறப்பையும் இங்கு நினைத்தல் தகும். தந்தைவழி ஐரோப்பியரும் தாய்வழி இந்தியருமாய், இரு பக்கத்தாராலும் முழுமையாக ஏற்கப்படாதிருந்த மக்களுக்கென வைட் என்பவர் ஒரு குடியிருப்பு வேண்டினார். 1882-இல் மைசூர் மகாராஜா 3,900 ஏக்கர் நிலம் அளித்தார். இரத்தக் கணக்கினால் ஒதுக்கப்பட்டோர் ஊன்றிய ஊரில், இன்று உயிரின் எழுத்து வாசிக்கப்படுகிறது.

ஆயினும் அன்பர்களே, ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் சமத்துவத்தை ஆராய்ச்சிக் கூடத்தின் தராசில் மட்டும் தொங்கவிடலாகாது. நாளை ஏதோ ஒரு கூட்டத்தாரிடம் பெரிய வேறுபாடொன்று கண்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அவரை இழிவு செய்ய உரிமை பிறந்துவிடுமா? குரங்கு நம்மினும் வேறுபட்டதுதான். அதனைத் துன்புறுத்த முதற் சீலம் நமக்கு இடந்தருகிறதா? குரங்கினங்கள் 233-இன் மரபணு நூல்கள் 2023-இல் ஒருங்கே வெளிவந்தன. குரங்குகளிடம் இயல்பாகக் காணும் மாற்றம் பெரும்பாலும் மனிதனுக்கும் தீங்கற்றது என்று அறிந்து, நோயுண்டாக்கும் மாற்றங்களைப் பிரித்தறிய அவற்றை இன்று பயன்படுத்துகின்றனர். நம் நோய்க்கு அவற்றின் உடல் சான்று சொல்கிறது. நாமோ அவற்றின் காட்டை அழித்து வருகிறோம். குரங்கினங்களில் பாதிக்கு மேல் அழிவை எதிர்நோக்கி நிற்கின்றன. ஆனைமலையிலும் களக்காட்டிலும் வாழும் சிங்கவால் குரங்கும் அவற்றுள் ஒன்று. ஒற்றுமையாலும் வேற்றுமையாலும் அன்று, துன்பத்துக்கு அஞ்சும் உயிர் என்பதாலேயே அது நம் கருணைக்கு உரியது. மனிதனும் அதனாலேயே உரியவன்.

ஆகவே நம் இளைஞர் அந்நண்பருக்கு இவ்வாறு சொல்லட்டும்: “ஐயா, நீங்கள் கண்டது பிறப்பின் குறியன்று, முன்னோர் போட்ட வரப்பின் தழும்பு. அவ்வரப்பை வெட்டிவிடுவதும் காப்பதும் இன்று நம் செயல். அச்செயலே நம்மை உயர்த்தும் அல்லது தாழ்த்தும்.” சொல்லிவிட்டு, உண்ணும் வேளையில் அவரையும் அருகே அமர்த்திக்கொள்ளட்டும்.