உறக்கமும் ஒரு ஹக்கு

படுக்கை வேறானாலும் உறக்கம் எல்லோருக்கும் ஒன்றே என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவின் நிலையைக் கவனித்தால், இந்நினைப்பு பாதி உண்மையே என்பது புலனாகும்.

அந்நாட்டு அரசு 2014-ல் திரட்டிய விவரப்படி, நாளுக்கு ஏழு மணி நேரமாவது உறங்குவோர் வெள்ளையரில் நூற்றுக்கு 67 பேர்; கறுப்பினத்தவரில் 54 பேரே. முதுமையில் அறிவும் நினைவும் மங்கும் நோயோ, வெள்ளையரைவிட ஏறத்தாழ இருமடங்காகக் கறுப்பினத்தவரைப் பீடிக்கிறது.

இவ்விரண்டுக்கும் தொடர்புண்டா? பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 50 வயது முதல் 70 வயது வரை ஆறு மணி நேரத்துக்கு மேல் உறங்காதோரிடம் இந்நோய் 30 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. உறக்கக் குறைவு மட்டுமே காரணம் என்று நாம் கூறவில்லை. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கிட்டாத கல்வி, எட்டாத வைத்தியம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு.

இந்த உறக்கக் குறைவு பிறவிக் குணமா? அன்று. 1930-களில் அரசு நிறுவனமொன்று கறுப்பினத்தவரின் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, வீட்டுக் கடனுக்குத் தகாதவை என ஒதுக்கிற்று. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போடப்பட்ட நெடுஞ்சாலைகள் பல அவர்களின் குடியிருப்புகளைப் பிளந்து சென்றன. 1968-ல் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனபேதம் தடை செய்யப்பட்டது. ஆனால் சட்டம் வந்ததும் மரமும் நிழலும் முளைத்துவிடவில்லை. 108 நகரங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி, சிவப்பு மையிட்ட பகுதிகளில் சராசரி 2.6 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் மிகுதி. வெப்பமும் இரைச்சலும் இரவு வேலையும் இழிவு தரும் மனச்சுமையும் ஒன்றுசேர்ந்தால் கண் எப்படி மூடும்? அத்தகையவரிடம் "நேரத்தோடு உறங்குங்கள்" என்று உபதேசிப்பது, பறிகொடுத்தவனையே குற்றவாளியாக்குவதாகும்.

"வரைபடம் தீட்டியவர்கள் மறைந்துவிட்டனர், இன்றுள்ளோர் எப்படிப் பொறுப்பாவார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும், இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவருடைய கடனை அடைக்க வேண்டும் என்பது நாமறிந்த சட்டமாயிற்றே! கடன் வாங்கியவர் வாரிசு அல்லர். எனினும், கடனை ஒதுக்கிவிட்டுச் சொத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. குற்றம் செய்தோர் போய்விட்டனர்; குளிர்ந்த வீதிகளும் அமைதியான இரவுகளும் சொத்தாக நிற்கின்றன. ஆகவே, மரம் நடுவதும், இரைச்சலைத் தடுப்பதும், வைத்தியத்தை எட்டச் செய்வதும் தருமமல்ல, கடன் அடைத்தல்.

நிழலுள்ள தெருவில் நிம்மதியாகக் கண்ணயர்பவர், அடுத்த தெருவின் வெப்பம் யார் வைத்த கடன் என்று கேட்கக் கடமைப்பட்டவர்.